கலையும் மில்லும்: துவக்குக் கண்ணாடிக்குள் இருக்கிற கோடுகளின் கதை

இந்தக் கட்டுரை தொடங்கியது ஒரு பப்ஜி ஆட்டத்தில். விடுதி அறையில் நாலு பேர் ஒரே அணியாக விளையாடிக்கொண்டிருந்தோம். ஒருத்தன் 8எக்ஸ் ஸ்கோப்பைத் திறந்து, தூரத்து மலையில் ஓடுகிற ஆளைப் பார்த்தபடியே கேட்டான்: "மச்சான், நடுவில இருக்கிற குறி விளங்குது. அதுக்குக் கீழ ஏணிப்படி மாதிரிச் சின்னச் சின்னக் கோடு என்னத்துக்கு?" ஒருத்தருக்கும் தெரியவில்லை. விஞ்ஞான பீடத்து நண்பன் ஒருவன் "அது மில் எல்லோ" என்றான். எங்களுக்குத் தெரிந்த மில் அரிசி மில் மட்டும்தான்.

எங்களில் ஒருவன் அந்த விளையாட்டை விளையாடுவதில்லை. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்து பார்ப்பான், அவ்வளவுதான். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை. 2009 இல் அவனுக்கு எத்தனை வயது, எங்கே இருந்தான் என்பது எங்களுக்குத் தெரியும். அன்றைக்கு அவன்தான் எழும்பி இருந்து கேட்டான்: "அந்தக் கோட்டை முதல்ல போட்டது ஆர்?"

வரலாறு படிக்கிற எங்களிடம் கேட்கவேண்டிய கேள்விதான். ஒரு மாதம் நூலகத்திலும் போனிலுமாகத் தேடியதில் கிடைத்ததை இங்கே எழுதுகிறோம். கணிதம் கொஞ்சம் வரும். பயப்பட வேண்டாம், சாதாரண தரத்தில் கணக்கோடு மல்லுக்கட்டிய நாங்களே விளங்கிக்கொண்டோம்.

முதலில் விஷயம் என்னவென்று பார்த்துவிடுவோம். துவக்கின் மேல் பூட்டுகிற ஸ்கோப்பில் இரண்டு குமிழ்கள் இருக்கும். மேலே உள்ளது குறியை ஏற்றி இறக்க. பக்கத்தில் உள்ளது இடம் வலமாக நகர்த்த. திருப்பினால் கிளிக், கிளிக் என்று சத்தம் வரும். ஒரு கிளிக்குக்குக் குறி எவ்வளவு நகரும்? இதற்குச் சென்ரிமீற்றரில் ஒரே பதில் சொல்ல முடியாது. கையில் ஒரு டோர்ச் லைற்றைப் பிடித்துக்கொண்டு மணிக்கட்டை மட்டும் சற்றுத் திருப்பிப் பாருங்கள். பக்கத்துச் சுவரில் வெளிச்சம் ஒரு சாண் நகரும். வளவுக்கு அந்தப் பக்கம் நிற்கிற பனையில் பல அடி நகரும். மணிக்கட்டு திரும்பியது ஒரே அளவுதான். அந்த ஒரே அளவுக்குப் பெயர் கோணம். அதனால்தான் ஸ்கோப்பின் குமிழ்கள் நீளத்தில் பேசாமல் கோணத்தில் பேசுகின்றன.

அப்படிப் பேசுவதற்கு இரண்டு அலகுகள் இருக்கின்றன. ஒன்று எம்ஓஏ. ஒரு பாகையை 60 ஆகப் பிரித்தால் வருகிற துண்டு அது. மற்றது மில். 1000 மீற்றருக்கு அப்பால் 1 மீற்றர் அகலமான ஒன்று எங்கள் கண்ணில் எவ்வளவு கோணத்தைப் பிடிக்குமோ அதுதான் 1 மில். ஒரு மில்லுக்குள் சுமார் 3.44 எம்ஓஏ அடங்கும். வழக்கமான ஸ்கோப்பில் ஒரு கிளிக் என்பது கால் எம்ஓஏ ஆகவோ பத்தில் ஒரு மில்லாகவோ இருக்கும். பத்தில் ஒரு மில் என்றால் 100 மீற்றரில் 1 சென்ரிமீற்றர்.

ஒரே வேலைக்கு ஏன் இரண்டு அலகு? இந்த இரண்டும் இரண்டு வேறு வழியால் துவக்குக்கு வந்து சேர்ந்தவை. ஒன்று வானத்தால் வந்தது. மற்றது ஆட்லறியால் வந்தது.

எம்ஓஏ என்பது எங்களுக்குப் புதுப் பெயராக இருக்கலாம், ஆனால் ஆள் புதிது இல்லை. வீட்டில் இருக்கிற சாதகக் குறிப்பை எடுத்துப் பார்த்தால் கிரகங்களின் இருப்பைப் பாகை, கலை, விகலை என்று எழுதியிருப்பார்கள். 60 விகலை ஒரு கலை, 60 கலை ஒரு பாகை. அந்தக் கலைதான் எம்ஓஏ. கலைப்பீடத்தில் மூன்று வருடம் இருந்துவிட்டு, கலை என்றால் ஒரு கோணம் என்பதை ஒரு துவக்கைப் பற்றித் தேடும்போதுதான் தெரிந்துகொண்டோம். இனி இந்தக் கட்டுரையில் கலை என்றே எழுதப்போகிறோம்.

அறுபது அறுபதாகப் பிரிக்கிற பழக்கம் பாபிலோனியருடையது. அவர்கள் எண்களை எழுதியதே அறுபதின் அடிப்படையில். கி.பி. 2 ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்து எழுதிய தொலமி தன் வானியல் அட்டவணைகளுக்கு அதையே எடுத்துக்கொண்டார். பின்னர் இலத்தீனில் இதை எழுதியவர்கள் பாகையின் முதலாவது சிறு துண்டு, இரண்டாவது சிறு துண்டு என்று பெயர் வைத்தார்கள். முதல் சிறு துண்டுதான் மினிற், இரண்டாவதுதான் செக்கன். மணிக்கூட்டில் ஓடுகிற மினிற்றும் துவக்கில் திருப்புகிற மினிற்றும் ஒரே சொல்லாக இருப்பது இதனால்தான்.

ஒரு கலை எவ்வளவு சின்னது என்று உணர ஒரு வழி இருக்கிறது. கையை முழுதாக நீட்டிச் சின்ன விரலை நிமிர்த்துங்கள். அதன் அகலம் கண்ணுக்கு ஏறக்குறைய ஒரு பாகை, அதாவது 60 கலை. முழுநிலவின் அகலம் 31 கலைதான். நம்ப மாட்டீர்கள், உதிக்கிற நிலவு அவ்வளவு பெரிதாகத் தெரியும்; ஆனால் சின்ன விரல் அதை மறைத்துவிடும். அந்த நிலவை முப்பத்தொரு கீற்றாக வெட்டினால் ஒரு கீற்று ஒரு கலை.

இன்னொரு விதமாகவும் சொல்லலாம். கண் டொக்டரிடம் போனால் எழுத்துப் பலகையை வாசிக்கச் சொல்லுவார் அல்லவா? 1862 இல் ஸ்னெலன் என்ற ஒல்லாந்துக் கண் மருத்துவர் செய்த பலகை அது. 6/6 என்கிற வரியில் உள்ள எழுத்துகளின் ஒவ்வொரு கோடும் 6 மீற்றரில் இருந்து பார்க்கிறவருக்குச் சரியாக ஒரு கலை தடிப்பில் தெரியும்படிதான் அதை வரைந்தார். அதாவது, ஆரோக்கியமான கண் பிரித்தறியக்கூடிய எல்லை கிட்டத்தட்ட ஒரு கலை. அதற்குக் கீழே போகவேண்டுமென்றால் கண்ணாடி வேண்டும்.

கண்ணாடி வருவதற்கு முன்னமே அந்த எல்லைவரை போன ஒரு மனிதர் இருந்தார். தைக்கோ பிராஹே. 1576 முதல் டென்மார்க் அரசரிடமிருந்து பெற்ற வென் என்ற சின்னத் தீவில், வில்லையே இல்லாத பெரிய பெரிய கோணமானிகளால் இருபது வருடத்துக்கு மேல் வானத்தை அளந்தார். அவருடைய நல்ல அளவீடுகளின் பிழை ஒரு கலை அளவில்தான். 1601 இல் அவர் இறந்தபின் அந்தக் கணக்கெல்லாம் கெப்ளர் கைக்கு வந்தது. செவ்வாய்க் கிரகம் வட்டத்தில்தான் சுற்றுகிறது என்று வைத்துக் கெப்ளர் கணக்குப் போட்டுப் பார்த்தார். 8 கலை இடித்தது. எட்டே எட்டுக் கலை, நிலவின் கால்வாசி. வேறு யாருடைய அளவீடாக இருந்தாலும் "அளந்தவன் பிழை" என்று விட்டிருக்கலாம். தைக்கோ எட்டுக் கலை பிழைவிடுகிற ஆள் இல்லை என்று கெப்ளருக்குத் தெரியும். ஆகவே வட்டத்தைக் கைவிட்டார். 1609 இல் வெளியான அவருடைய நூலில் கோள்கள் நீள்வட்டத்தில் போகின்றன. இரண்டாயிரம் வருட நம்பிக்கை அந்த எட்டுக் கலைக்குள் விழுந்து உடைந்தது. இன்றைக்குத் துவக்குக் குமிழில் எட்டுக் கலை என்பது 32 கிளிக்.

இனித்தான் எங்கட நண்பனின் கேள்விக்கு நேரான பதில் வருகிறது.

கலிலியோ வைத்திருந்த தொலைகாட்டிக்குள் கோடு போட முடியாது. அதில் ஒரு குவிவில்லை, ஒரு குழிவில்லை. உள்ளே பிம்பம் வந்து நிற்கிற இடம் என்று ஒன்று இல்லை. 1611 இல் கெப்ளர் இரண்டு குவிவில்லைகளால் ஆன இன்னொரு வகையை விளக்கினார். அதில் பிம்பம் தலைகீழாகத் தெரியும். ஆனால் குழாய்க்குள்ளேயே ஓரிடத்தில் பிம்பம் உருவாகும். அந்த இடத்தில் எதை வைத்தாலும் அது நட்சத்திரத்தோடு சேர்ந்து தெளிவாகத் தெரியும். இதை எழுதிய கெப்ளருக்கே அது தோன்றவில்லை. தோன்றியது ஒரு சிலந்தியால்.

இங்கிலாந்தில் லீட்ஸ் நகருக்குக் கிட்ட வில்லியம் காஸ்கொய்ன் என்று ஒருவர் இருந்தார். பல்கலைக்கழக ஆள் இல்லை, வீட்டில் இருந்து வானம் பார்த்தவர். 1630களின் கடைசியில் ஒரு நாள், அவர் வில்லைகளைப் பூட்டி வைத்திருந்த பெட்டிக்குள் சிலந்தி ஒன்று நூல் கட்டிவிட்டது. பார்த்தால், நூல் பிம்பத்தின் மேலேயே பளிச்சென்று தெரிந்தது. நாங்களாக இருந்தால் துணியால் துடைத்திருப்போம். அவர் அதை வைத்து யோசித்தார். தொலைகாட்டிக்குள் வேண்டுமென்றே நூல் கட்டினார். அதைக் கோணம் அளக்கிற கருவியில் பூட்டிச் சரியாகக் குறிவைத்தார். பிறகு இரண்டு மெல்லிய தகட்டு விளிம்புகளை உள்ளே வைத்து, ஒரு நுண்திருகாணியால் அவற்றை விலக்கியும் நெருக்கியும் நிலவின், கோள்களின் அகலத்தை அளந்தார். திருகாணி எத்தனை சுற்றுச் சுற்றியது என்று பார்த்தால் கோணம் எவ்வளவு என்று சொல்லிவிடலாம். இன்றைய ஸ்கோப்பின் குமிழுக்குள் இருப்பதும் அதே ஏற்பாடுதான்: ஒரு திருகாணி, அது நகர்த்துகிற ஒரு குறி.

காஸ்கொய்ன் இதை அச்சிடவில்லை. நண்பர்களுக்குக் கடிதமாக எழுதினார். இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் மூண்டபோது அரசர் பக்கம் சேர்ந்து போனார். 1644 யூலை 2 ஆம் திகதி மார்ஸ்ரன் மூர் சண்டையில் இறந்தார். வயது முப்பத்திரண்டு அளவில். பெட்டிகளும் கடிதங்களும் அப்படியே கிடந்தன. இருபது வருடத்துக்குமேல் கழித்துப் பிரான்சில் அதே போன்ற கருவியைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தபோது, றிச்சர்ட் ரவுன்லி என்பவர் 1667 இல் றோயல் சொசைற்றிக்கு எழுதினார்: இதை எங்கள் நாட்டான் ஒருவன் போருக்கு முன்னமே செய்துவிட்டான், கருவி என்னிடம் இருக்கிறது என்று. அப்படித்தான் அவருடைய பெயர் தப்பியது. போரில் செத்துப்போன எத்தனை பேரின் பெட்டிகளை ஒருவரும் திறந்து பார்க்கவில்லையோ.

நூல் போட்ட தொலைகாட்டி வானத்தில் இருந்து தரைக்கு இறங்கப் பெரிதாக நாள் எடுக்கவில்லை. 1669-70 இல் பிரான்சின் பிக்கார் அதைக் கொண்டு பூமியின் ஒரு பாகை நீளத்தை அளந்தார். அதன்பிறகு நில அளவைக்காரரின் கண் அதுவாகிவிட்டது. தமிழ் நிலத்துக்கும் அது அப்படித்தான் வந்தது. 1799 இல் சிறீரங்கபட்டணத்தில் திப்பு சுல்தானை வீழ்த்திய சண்டையில் இருந்த வில்லியம் லாம்ரன் என்ற படை அதிகாரி, 1802 ஏப்ரல் 10 இல் சென்னை பரங்கிமலைக்குப் பக்கத்தில் அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். இந்தியப் பெரும் முக்கோண அளவை என்று பின்னர் பெயர் பெற்ற வேலை அது. அவருடைய தியோடலைற் அரைத் தொன் பாரம். கப்பலில் வரும்போது பிரெஞ்சுக்காரர் பிடித்து மொறீசியசுக்குக் கொண்டுபோய், பிறகு மரியாதையாகத் திருப்பி அனுப்பிய சாமான். 1808 இல் அதைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேலே கயிறு கட்டி ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதியது. கோணம் குறித்திருந்த வட்டத் தகடு வளைந்துபோனது. லாம்ரன் கூடாரத்துக்குள் போய் இருந்துகொண்டு ஆறு கிழமையாக அதைத் தன் கையால் நிமிர்த்தி எடுத்தார். இராசராசன் கட்டிய கோபுரத்தில் இடித்து நெளிந்த அந்தத் தகட்டால்தான் பிறகு வடக்கே போகப்போக அளந்தார்கள்.

மீள்குடியேறிய காணிகளில் எல்லைக்கல் தேடி, சர்வேயர் முக்காலியில் கருவியை நிறுத்தி ஒரு கண்ணை மூடிப் பார்ப்பதை எங்களில் பலர் பார்த்திருக்கிறோம். அவர் பார்க்கிற கண்ணாடிக்குள்ளும் அந்தச் சிலந்தி நூல்தான்.

துவக்கில் தொலைகாட்டியைப் பூட்டிய கதையும் இந்த அளவைக்காரர் பக்கத்தில் இருந்துதான் வருகிறது. அமெரிக்காவில் ஜோன் சப்மன் என்ற சிவில் எஞ்சினியர், நியூயோர்க் மாநிலத்து யூற்றிக்காவில் இருந்த மோர்கன் ஜேம்ஸ் என்ற துவக்குச் செய்பவருக்குத் தொலைகாட்டிக் குறி ஒன்றின் அமைப்பைச் சொல்லிக் கொடுத்தார். 1844 இல் அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். ஏறக்குறைய அதே காலத்தில் பம்பாய்ப் படையில் இருந்த ஸ்கொட்லாந்துக்காரர் டேவிட் டேவிட்சனும் அதே யோசனையில் இறங்கியிருந்தார். அவருடைய தொலைகாட்டி போய்ச் சேர்ந்தது ஜோசப் விற்வேர்த் செய்த துவக்கின் இடது பக்கத்தில்.

விற்வேர்த் துவக்குக்காரராகத் தொடங்கியவர் இல்லை. திருகாணிக்காரர். 1841 இல் இங்கிலாந்துத் திருகாணிகளின் புரிகளுக்கெல்லாம் ஒரே அளவுமுறையை முன்வைத்தவர் அவர். ஒரு தொழிற்சாலை ஆணிக்கு இன்னொரு தொழிற்சாலையின் சுரை பொருந்துவது அவரால்தான். திருகாணி நுணுக்கமாக வந்த பிறகுதான் கிளிக் நுணுக்கமாக வர முடியும். அவர் செய்த துவக்கு ஒன்றை 1860 யூலை 2 இல் விம்பிள்டனில் ஒரு தாங்கியில் இறுக்கி, 400 யார் தூரத்துக்குக் குறிபார்த்து வைத்தார்கள். (துணிக்கடையில் நாங்கள் சொல்லுகிற அதே யார்தான்.) விக்ரோறியா மகாராணி வந்து பட்டுக் கயிற்றை இழுத்தார். மையத்தில் இருந்து ஒன்றேகால் அங்குலத்துக்குள் பட்டது. 400 யாரில் ஒரு கலை என்றால் நாலு அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. ஆகவே மகாராணி ஒரு கலையின் மூன்றில் ஒரு பங்குக்குள் சுட்டிருக்கிறார், துவக்கைத் தொடாமலே. காஸ்கொய்ன் செத்த அதே யூலை 2. பழைய பஞ்சாங்கக் கணக்கு என்பதால் சூரியக் கணக்கில் ஒரே நாள் இல்லைதான். ஆனாலும் எங்களுக்கு அந்தத் திகதியைப் பார்த்ததும் ஒரு மாதிரி இருந்தது.

நாலு வருடம் கழித்து, 1864 மே 9. அமெரிக்க உள்நாட்டுப் போர், ஸ்பொற்சில்வேனியா. தூரத்தில் இருந்து வருகிற குண்டுகளுக்குத் தலை குனிந்த தன் ஆட்களைப் பார்த்துச் சிரித்தார் வடக்குப் படை ஜெனரல் ஜோன் செட்ஜ்விக். இந்தத் தூரத்தில் இருந்து அவர்களால் யானையைக்கூட அடிக்க முடியாது என்கிற மாதிரி ஏதோ சொன்னார். கொஞ்ச நேரத்தில் இடது கண்ணுக்குக் கீழே பட்டு விழுந்தார். பட்டது விற்வேர்த் துவக்கின் குண்டு என்றுதான் பெரும்பாலும் சொல்லப்படுகிறது. அந்த ஜெனரலின் மனதில் தூரம் என்பது ஒரு பாதுகாப்பு. அதுவரைக்கும் எல்லாருக்கும் அப்படித்தான் இருந்தது.

இப்படித் தூர நின்று சுடுகிறவனுக்கு வந்த பெயரும் எங்கள் பக்கத்தில் இருந்து போனதுதான். மாரிக்கு எங்கட வயல்களுக்கு வருகிற உள்ளான் குருவியை ஆங்கிலத்தில் ஸ்னைப் என்பார்கள். வளைந்து நெளிந்து பறக்கும், சுடுவது கஷ்டம். 18 ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த வெள்ளைக்கார சிப்பாய்கள் உள்ளான் வேட்டைக்குப் போவதைச் சொன்ன சொல்தான் பிறகு மறைந்திருந்து ஆளைச் சுடுவதற்கும் ஆனது. சினைப்பர் என்றால் உள்ளான் சுடுகிறவன். சின்ன வயதில் நாங்கள் பயந்து பயந்து கேட்ட அந்தச் சொல்லுக்குள் ஒரு குருவி இருந்தது எங்களுக்குத் தெரியாது.

அங்குலமும் யாரும் புழங்கிய நாடுகளில் கலை நிலைத்து நின்றதற்கு ஒரு தற்செயலும் காரணம். 100 யாரில் ஒரு கலை 1.047 அங்குலம். கிட்டத்தட்ட ஒன்று. யாரும் திட்டம் போட்டு இதைச் செய்யவில்லை. பாபிலோனியரின் அறுபதும் இங்கிலாந்தின் அங்குலமும் ஒரு இடத்தில் இடித்துக்கொண்டன, அவ்வளவே. 200 யாரில் இரண்டு அங்குலம், 300 இல் மூன்று என்று மனக்கணக்குப் போடலாம். மீற்றரில் இந்த அதிர்ஷ்டம் இல்லை. 100 மீற்றரில் ஒரு கலை 2.9 சென்ரிமீற்றர் என்று அசிங்கமாக வரும்.

மில் வந்தது வேறு ஒரு தேவைக்காக. ஆட்லறி எறிகணை பல கிலோமீற்றர் போகத் தொடங்கியபின் பீரங்கிக்காரன் தான் அடிக்கிற இடத்தைக் காண்பதில்லை. முன்னால் ஒருவன் ஒளிந்திருந்து, விழுந்த இடத்தைப் பார்த்து, "இன்னும் 30 மீற்றர் இடப்பக்கம்" என்று தொலைபேசியில் சொல்லுவான். அந்த 30 மீற்றரைக் கோணமாக மாற்ற வேண்டும். பாகை, கலையில் என்றால் அட்டவணை திறக்க வேண்டும். மில்லில் என்றால் வகுத்தால் போதும்: தூரம் 3 கிலோமீற்றர், 30 ஐ மூன்றால் வகு, 10 மில் திருப்பு. உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்தவர்களுக்கு ஆரையன் தெரிந்திருக்கும். அதன் ஆயிரத்தில் ஒரு பங்குதான் இது. 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லொசானில் பேராசிரியராக இருந்த சார்ள்ஸ் மார்க் டாப்பிள் என்ற சுவிஸ் பொறியியலாளர்தான் இதை முதலில் பயன்படுத்தியவராகச் சொல்கிறார்கள்.

ஆனால் வட்டம் ஒத்துழைக்கவில்லை. ஒரு முழு வட்டத்தில் 6283 சொச்சம் மில் வரும், பை செய்கிற வேலை. அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒரு திசைகாட்டியில் பிரிவு கீற முடியாது. ஆகவே ஒவ்வொரு படையும் தன் வசதிக்கு வெட்டியது. முதலாம் உலகப்போர்க் காலத்தில் பிரான்ஸ் வட்டத்தை 6400 ஆக எடுத்துக்கொண்டது. பாதி, பாதியாகப் பல தடவை வெட்டலாம் என்பது அதன் நன்மை. அமெரிக்கா பிரான்சைப் பார்த்து எடுத்தது, பிறகு நேட்டோ முழுவதும் அதுவே ஆனது. ரஷ்யா ஏற்கெனவே வட்டத்தை 600 ஆகப் பிரித்து வைத்திருந்தது. புரட்சிக்குப் பிறகு செம்படை அதைப் பத்தால் பெருக்கி 6000 ஆக்கியது. சுவீடன் உண்மையான எண்ணுக்குக் கிட்டவாக 6300 வைத்திருந்தது. 2007 இல்தான் அதை விட்டு நேட்டோ கணக்குக்கு மாறியது.

இது ஏதோ படைக்காரரின் சில்லறை விஷயம் என்று முதலில் தாண்டிப் போகப் பார்த்தோம். பிறகு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். 5 கிலோமீற்றர் தூரத்துக்கு 100 மில் திருப்பச் சொன்னால், நேட்டோ மில்லில் திருப்புகிறவனின் எறிகணை 491 மீற்றர் நகர்ந்து விழும். ரஷ்ய மில்லில் திருப்புகிறவனுடையது 524 மீற்றர். இடையில் 33 மீற்றர். எங்கட ஊர்களில் அது ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக் கிணற்றடிக்கும் உள்ள தூரம்.

துவக்கு ஸ்கோப்பில் இருக்கிற மில் இந்த வெட்டுகள் எதுவும் இல்லாத உண்மையான ஆரையனின் ஆயிரத்தில் ஒன்று. 1970களின் கடைசியில் அமெரிக்க மரைன் படையினருக்காகச் செய்த ஸ்கோப்பில் குறுக்குக் கோட்டின் மேலே ஒவ்வொரு மில்லுக்கும் ஒரு புள்ளி வைத்தார்கள். பப்ஜியில் எங்கட நண்பன் கேட்ட ஏணிப்படியின் உறவுக்காரர்கள் அந்தப் புள்ளிகள். வேடிக்கை என்னவென்றால், அந்த மாதிரியான ஸ்கோப்புகள் பலவற்றில் கண்ணாடிக்குள் மில் புள்ளிகள் இருக்கும், குமிழோ கலையில் கிளிக் பண்ணும். கண்ணால் மில்லில் பார்த்து, 3.44 ஆல் பெருக்கி, கையால் கலையில் திருப்ப வேண்டும். ஆட்லறியும் வானியலும் ஒரே குழாய்க்குள் ஒன்றுக்கொன்று பாஷை தெரியாமல் இருந்த மாதிரி. இப்போதெல்லாம் இரண்டையும் ஒரே அலகில்தான் செய்கிறார்கள்.

இந்தப் புள்ளிகள் குறியைத் திருத்த மட்டும் இல்லை. தூரத்தைக் கண்டுபிடிக்கவும்தான். ஒரு பொருளின் உயரம் தெரிந்தால், அது எத்தனை மில் பிடிக்கிறது என்று பார்த்து வகுத்துத் தூரத்தைச் சொல்லலாம். காஸ்கொய்ன் நிலவைப் பார்த்துச் செய்ததைத் திருப்பிப் போட்ட கணக்கு. சரி, எந்தப் பொருளின் உயரம்?

1963 இல் சோவியத் படை டிரகுனோவ் என்ற துவக்கை ஏற்றுக்கொண்டது. அதன் ஸ்கோப்புக்குப் பிஎஸ்ஓ-1 என்று பெயர். கண்ணாடிக்குள் இடது பக்கம் கீழே, ஒரு கிடைக்கோடும் அதன் மேலே சரிந்து இறங்குகிற ஒரு வளைகோடும் இருக்கும். வளைகோட்டில் 2, 4, 6, 8, 10 என்று எண்கள். 200 மீற்றரில் இருந்து 1000 மீற்றர்வரை. எதிரே நிற்கிற ஆளின் கால் கிடைக்கோட்டில், தலை வளைகோட்டில் முட்டுகிற இடத்தைப் பார்த்தால் தூரம் தெரிந்துவிடும். பெருக்கவும் வேண்டாம், வகுக்கவும் வேண்டாம். கணக்கை ஏற்கெனவே போட்டுக் கண்ணாடியில் கீறிவிட்டார்கள். அந்தக் கணக்குக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட மனிதனின் உயரம் 1.7 மீற்றர்.

இதை நாங்கள் விடுதி அறையில் வாசித்துக் காட்டினோம். கொஞ்ச நேரம் ஒருத்தரும் பேசவில்லை. ஒருத்தன் எழும்பிக் கதவு நிலையில் தன் உயரத்தைப் பார்த்தான், 1.68. பிறகு விளையாடாத நண்பன் கேட்டான்: "அப்ப சின்னப் பிள்ளையள் நிண்டால்?"

கணக்குப் போட்டோம். 1.2 மீற்றர் உயரமான ஒரு பிள்ளை 500 மீற்றரில் நின்றால், அந்த வளைகோடு 700 மீற்றருக்குச் சற்றுக் கூடக் காட்டும். எட்டு வயது அளவில் ஒரு பிள்ளை அந்த உயரம் இருக்கும். அந்தக் கண்ணாடியில் பிள்ளைகள், உண்மையில் நிற்கிற இடத்தைவிடத் தூரத்தில் நிற்கிற பெரிய ஆட்கள். அதைச் செய்தவர்கள் பிள்ளைகளை நினைத்துச் செய்யவில்லை என்பது தெரிந்ததே. போர்க்களத்தில் பிள்ளை நிற்காது என்று வைத்துக்கொண்டுதான் அந்த 1.7 ஐப் போட்டிருக்க வேண்டும்.

இப்போது தூரம் அளக்க லேசர் வந்துவிட்டது. உயரமே தெரியத் தேவையில்லை, பொத்தானை அமத்தினால் எண் வரும். ஆனாலும் கோடுகளையும் குமிழ்களையும் எடுத்துவிடவில்லை. தூரம் தெரிந்தபின்னும் கிளிக் பண்ணத்தானே வேண்டும்.

இதைப் பதிவிடுவதா என்று எங்களுக்குள் ஒரு கிழமை வாக்குவாதம் நடந்தது. துவக்கைப் பற்றி இவ்வளவு விபரமாக எழுதினால் அதற்கு ஒரு கவர்ச்சி வந்துவிடும் என்று ஒருத்தி சொன்னாள். எழுதாவிட்டால் அதைப் பற்றி எங்களுக்குச் சொல்லித்தருவது அந்த விளையாட்டு மட்டும்தான் என்று இன்னொருத்தன் சொன்னான். 1.7 ஐயும் பிள்ளைக் கணக்கையும் விட்டுவிட்டு, காஸ்கொய்னோடும் சிலந்தியோடும் முடித்துவிடலாம், வாசிக்க நன்றாக இருக்கும் என்றும் ஒரு யோசனை வந்தது. அதற்கு விளையாடாத நண்பன் ஒத்துக்கொள்ளவில்லை. அதை எடுக்கிறதெண்டால் முழுதையும் எடுங்கோ என்றான். அதனால் அது இங்கே இருக்கிறது.